கடலிலிருந்து தெரியும் கூரை

டார்வெல் தென்கரை,
நியூ சவுத் வேல்ஸ்.
5 ஜூன் 1967, திங்கள்.

அன்புள்ள நெட்டா,

இங்கே நான் நலம். அங்கே நீ நலமாக இருப்பதைத் தொலைநோக்கியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோபப்படாதே. முகத்துவாரத்து மணல்திட்டைப் பார்க்கத்தான் அரசாங்கம் எனக்கு அதைக் கொடுத்திருக்கிறது. ஆனால் திருகாணி தளர்ந்துவிட்டது. கையை எடுத்தால் தானாக இடப்பக்கம் திரும்பி உன் தம்பி வீட்டுத் துணிக்கொடியில் போய் நிற்கிறது. சனிக்கிழமை அங்கே என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை தொங்கியது. புருஷனே வேண்டாம் என்று போனவள் அவன் சட்டையை ஏன் எடுத்துக்கொண்டு போனாள் என்று யோசித்தேன். குளிருக்காக என்பாய். நான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

நமக்கு நடுவில் நானூறு கஜம் தண்ணீர்தான். இந்தக் கடிதமோ பேருந்தில் ஏறி, ஏரியைச் சுற்றி, பாலம் தாண்டி, அறுபது மைல் அலைந்து நாளை மறுநாள் உன்னிடம் வரும். கத்தினால் கேட்கும் தூரம். ஆனால் நான் கத்தினால் ஊருக்கே கேட்கும். தொலைபேசியில் பேசினால் எக்ஸ்சேஞ்ச் டல்சிக்குக் கேட்கும்; ஊரைவிட டல்சி வேகம்.

நீ போய் மூன்று வாரம். ஆட்டிறைச்சியைக் கருக்குவதில் மூன்று புதிய வழிகள் கண்டுபிடித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹெஸ்டர் ஆப்பிள் பை சுட்டுக் கொண்டுவந்தாள். நான் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்து, நீ ஏன் போனாய் என்று ஐந்து விதமாகக் கேட்டாள். பை நன்றாக வேகவில்லை. அவளுக்குக் கிடைத்த பதிலும் அப்படித்தான்.

மற்றபடி வேலை வழக்கம்போல. கடல் கெட்டால் கம்பத்தில் கறுப்புப் பந்தை ஏற்றுகிறேன். வாசல் மூடியிருக்கிறது, வெளியே நில்லுங்கள் என்று படகுகளுக்கு அர்த்தம். அடங்கினால் இறக்குகிறேன். நம் சமையலறையிலும் அப்படி ஒரு பந்து இருந்திருந்தால், நான் பேனாவை எடுத்தபோது நீ ஏற்றியிருக்கலாம்.

ஏழே வரி, நெட்டா. பதினோரு வருஷமாகப் பத்திரிகைக்குத் 'துறைமுகக் குறிப்புகள்' எழுதுகிறேன். அதில் அதிகம் அடி வாங்கியவன் நான்தான். உன்னைப் பற்றி எழுதியது பிரியத்தில். சிரித்தவர்களும் பிரியத்தில்தான் சிரித்தார்கள். எப்போது வருகிறாய்?

உன்
ஆல்பி

*

டார்வெல் வடகரை,
9 ஜூன், வெள்ளி.

ஆல்பி,

கடிதம் வந்தது. சட்டை குளிருக்காகத்தான். துணிக்கொடியை வீட்டுக்குப் பின்னால் மாற்றிவிட்டேன். இனி திருகாணியை இறுக்கிக்கொள்.

அந்த ஏழு வரியும் எனக்கு மனப்பாடம். தம்பி ராய்ஸ் மணல்திட்டைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் உன் மனைவி சமையலறையில் கெட்டிலைப் பிடித்தபடி கண்ணை இறுக மூடி நிற்பாள். கெட்டில் விசிலடித்தாலும் திறக்க மாட்டாள், படகு விசிலடித்தால்தான் திறப்பாள் என்று எழுதியிருந்தாய். நன்றாகத்தான் எழுதியிருந்தாய். கஷ்டமே அதுதான்.

மறுநாள் கடைக்குப் போனேன். கசாப்புக்கார ஃபிளெட்சர், "என்ன நெட்டா, கண்ணைத் தொறந்துட்டியா? ராய்ஸ் உள்ள வந்துட்டானா?" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

எனக்கு ஒன்பது வயதில் அப்பாவின் படகு அந்த மணல்திட்டில் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. அம்மா "பார்க்காதே" என்றாள். நான் பார்த்தேன். இதைக் கல்யாணமான புதிதில் உன் ஒருத்தனிடம்தான் சொன்னேன். ராய்ஸிடம்கூடச் சொன்னதில்லை, அவனுக்கு அப்போது நாலு வயது. நீ அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை எழுதினாய்.

உனக்கு எல்லாமே குறிப்பு. அடுத்த வெள்ளிக்கிழமைப் பத்திரிகைக்கு எது ஆகும், எது ஆகாது. அப்படி ஒருத்தன் பக்கத்தில் படுத்துக்கொண்டு இனி எதையும் வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. நான் வந்தது அதனால். வேறு காரணம் எதுவும் ஹெஸ்டருக்குத் தேவையில்லை.

ராய்ஸ் 'மார்ஜரி' படகை எடுத்துக்கொண்டு வடக்கே இறாலுக்குப் போய் ஒன்றரை மாதம் ஆகிறது. மாதக் கடைசியில் வருவான். அவன் மனைவி ஐடா தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். நான் இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தச் சன்னலிலிருந்து நம் வீட்டுக் கூரை தெரிகிறது. அந்தத் துருப்பிடித்த சிவப்பு. இருபத்துமூன்று வருஷமாகப் பச்சை அடி என்று சொன்னேன். இங்கே வந்தும் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டியிருக்கிறது.

நெட்டா

*

டார்வெல் தென்கரை,
16 ஜூன், வெள்ளி.

அன்புள்ள நெட்டா,

நீ எழுதிய பெரிய விஷயத்துக்குப் பதில் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். நான்கு தாள் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் மூன்றாவது வரிக்குள் ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தது. அந்த வியாதி உனக்குத் தெரியும். எழுதத் தெரியாதவன் கையால் ஏதாவது செய்யலாம் என்று முடிவு செய்தேன்.

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுச் சன்னலுக்குப் போ.

பார்த்தாயா? மூன்று நாள் வேலை. நல்ல யூகலிப்டஸ் பச்சை. பின்னால் இருக்கும் குன்றின் புதரோடு எப்படிக் கலந்துவிட்டது பார். அங்கே வீடு இருப்பதே தெரியவில்லை. தோள் உயர ஏணியிலேயே எனக்குத் தலை சுற்றும் என்பது உனக்குத் தெரியும். முதல் நாள் கூரையில் ஏறிய பிறகு இறங்கும் வழி மறந்துபோய், தேநீர் நேரம்வரை புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெஸ்டர் கீழே நின்று, "நெட்டா போனதுக்கா இப்படிப் பண்றே? கீழ எறங்கு ஆல்பி, வாழ்க்கைன்னா இப்படித்தான் இருக்கும்" என்று கையை நீட்டினாள். நான் விழப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். பெயின்ட் வாளியைக் காட்டினேன். நம்பவில்லை.

ஊரில் யாரும் பாராட்டவில்லை. ஓல்ஸன் தன் படகிலிருந்து இறங்கி வந்து வாசலில் நின்று ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தான். "உனக்கு என்னடா வந்துச்சு?" என்றான். "காதல்" என்றேன். துப்பிவிட்டுப் போய்விட்டான். மாலையில் பசாரெல்லி வந்தான். அவனும் பார்த்தான், அவனும் துப்பினான். மீனவர்களுக்கு நிறத்தில் ரசனை கிடையாது.

நேற்றிலிருந்து தென்கிழக்கில் கடல் எழும்புகிறது. பந்தை ஏற்றிவிட்டேன். படகுகள் எல்லாம் உள்ளே.

உன்
ஆல்பி

*

டார்வெல் வடகரை,
19 ஜூன், திங்கள். அவசரம்.

ஆல்பி,

கூரையை மறுபடி சிவப்பாக்கு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த உடனே ஏணியை எடு. விளையாட்டில்லை.

நேற்று ஐடா ஊரிலிருந்து வந்தாள். பெட்டியைக் கீழே வைத்தவள் சன்னலைப் பார்த்தாள்.

"அண்ணி, அந்தக் கூரை எங்க?"

"எந்தக் கூரை?"

"உங்க கூரை. சிவப்புக் கூரை."

"பச்சை அடிச்சிட்டார்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்கிறேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணி, ராய்ஸ் அதைப் பார்த்துத்தான் உள்ள வருவார்."

பிறகு சொன்னாள். உன் சமிக்ஞைக் கம்பத்துக்குக் கீழே நிற்கிற இரண்டு வெள்ளைக் கம்பங்களும் ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்பதுதானே சட்டம். இரண்டு வருஷம் முன்பு வெள்ளம் வந்தபோது மணல் நகர்ந்துவிட்டதாம். கம்பங்கள் இன்னும் பழைய வழியைக் காட்டுகின்றன. அங்கே இப்போது முழங்கால் ஆழம். ராய்ஸ் குன்றின் பிளவுக்கு நேர் கீழே நம் சிவப்புக் கூரையை வைத்துக்கொண்டு வருவானாம். "பிளவுக்குக் கீழ சிவப்பு வந்துடுச்சுன்னா அதான் வாசல்" என்று ஐடாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். மற்றப் படகோட்டிகளுக்குச் சொன்னால் வழியைத் திருடிக்கொள்வார்கள். உனக்குச் சொன்னால், நீ துறைமுக ஆள். கம்பத்தை மதிக்காமல் வருகிறான் என்று எழுதி வைப்பாய். இவர்கள் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டார்கள். நீ எல்லாவற்றையும் சொல்வாய். இப்படி ஓர் ஊர்.

இன்னும் மோசமானது ஒன்று இருக்கிறது. ராய்ஸ் போன பிறகு நம் வீட்டுக்கு வடக்கே ஐஸ் கொட்டகை கட்டினார்கள் அல்லவா? புத்தம்புதுச் சிவப்புத் தகரம். கரையில் இப்போது சிவப்பாக இருப்பது அது ஒன்றுதான். அதைப் பிளவுக்குக் கீழே வைத்தால் படகு நேராக மணல்முனையில் ஏறும். ஐடா காகிதத்தில் வரைந்து காட்டினாள்.

தொலைபேசி சனிக்கிழமைக் காற்றிலிருந்து செத்துக் கிடக்கிறது. ராய்ஸ் வர இன்னும் பத்து நாள் இருக்கிறது; அதற்குள் கடிதம் வந்துவிடும் என்று நம்புகிறேன். பச்சை நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

நெட்டா

*

டார்வெல் தென்கரை,
22 ஜூன், வியாழன்.

அன்புள்ள நெட்டா,

உன் திங்கட்கிழமைக் கடிதம் இன்று காலை வந்தது. பாலத்தருகே சாலையில் வெள்ளமாம். தபால்காரர் அதை என் கையில் கொடுத்தபோது நான் உன் ஈரச் சட்டையை, அதாவது என் சட்டையை, அடுப்பின் முன் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ ஒரு வார்த்தை பேசாமல் படகில் ஏறிப் போய்விட்டாய். யாரிடமாவது சொல்லாவிட்டால் நான் ஹெஸ்டரிடம் சொல்லிவிடுவேன்.

ஒரு மணிக்கு மேல் 'மார்ஜரி' தெரிந்தது. கறுப்புப் பந்து ஆறாவது நாளாக மேலே. நீர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே வரும் அலையும் வெளியே போகும் நீரும் மணல்திட்டில் முட்டி, வாசலே வெள்ளையாக எழுந்து நின்றது. படகு வெளியே வட்டமடித்தது. நல்ல பிள்ளை, நீர் திரும்பும்வரை நிற்பான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றான். பிறகு மூக்கை உள்ளே திருப்பினான். அதுவும் மணல்முனைக்கு நேராக. முப்பது வருஷமாக இந்த வாசலில் வருகிறவன். குடித்திருக்கிறான் என்று நினைத்தேன். கம்பத்தின் நேரை விட்டுப் படகுகள் கொஞ்சம் தெற்கே விலகி வருவதை இரண்டு வருஷமாகப் பார்த்து, எல்லாருமே குடித்திருக்கிறார்கள் என்று நினைத்தவன் நான்.

கதவு திறந்தது. இடுப்புவரை தண்ணீரோடு நீ.

"கூரையில ஏறு."

"நெட்டா, நீ எப்படி இந்தத் தண்ணியில—"

"ஏறுடா முட்டாளே! ஐஸ் கொட்டகையை நம்ம கூரைன்னு நெனச்சு வர்றான். சிவப்பா என்ன இருக்கு வீட்ல?"

"என் மூக்கு" என்றேன்.

மன்னித்துவிடு. அந்த நேரத்திலும் வாயில் அதுதான் வந்தது. நீ அறைந்திருக்கலாம். நேரமில்லை என்பதால் அறையவில்லை என்று நினைக்கிறேன். உன் அம்மா கொடுத்த சிவப்பு மெத்தைப் போர்வையைக் கட்டிலிலிருந்து உருவிக்கொண்டு ஏணியில் ஏறினாய். நானும் ஏறினேன். எனக்கு அந்த ஏணி எப்படி இருந்தது என்று நினைவில்லை.

மேலே காற்று நம் இருவரையும் போர்வையோடு சேர்த்துக் குன்றுக்கு அனுப்பப் பார்த்தது.

"அந்த முனையைப் புடி!"

"முனைதான் என்னைப் புடிச்சிட்டிருக்கு!"

"விரி! அகலமா விரிடா!"

"விட்டா பறந்துடுவேன் நெட்டா!"

"பறந்தா சிவப்பா பற!"

படகு மணல்முனையை நோக்கியே வந்தது. பிறகு, எனக்கு இன்னும் புரியவில்லை, சட்டென்று தெற்கே திரும்பினான். இரண்டு அலைக்கூட்டங்களுக்கு நடுவே, விலாவைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, நம் வீட்டுக்கு நேரே வரும்வரை ஓடினான். மறுபடி மூக்கை உள்ளே திருப்பினான். முதல் அலையின் முதுகில் ஏறிக்கொண்டான். அதை முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை. இரண்டாவது அலை அவன் பின்னால் எழுந்து வந்து பின்பக்கத்தைத் தூக்கியது. மூக்கு தண்ணீருக்குள் குத்தியது. படகு இடப்பக்கமாகத் திரும்பத் தொடங்கியது. நீ மெதுவாக, எனக்குக் கேட்கும்படி மட்டும், "இப்படித்தான்" என்றாய்.

அப்போது நான் உன்னைப் பார்த்தேன். உன் கண் திறந்திருந்தது. நெட்டா, மூடியது நான். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பாய்மரம் முறியும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. "நேராயிடுச்சு" என்று நீ சொன்ன பிறகுதான் திறந்தேன். திறந்தபோது 'மார்ஜரி' பாய்மரம் இல்லாமல், சிறுபடகு இல்லாமல், முன் கண்ணாடி இல்லாமல், அமைதியான தண்ணீரில் வாத்துபோல வந்துகொண்டிருந்தது.

உன் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தால் சிவப்பு அடித்திருப்பேன். நீ வர வேண்டியிருக்காது. வேறு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. வீட்டுக்கு வா.

பத்திரிகை ஆசிரியர் வின்டர் டாக்சி பிடித்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டார். முதல் பக்கம் முழுவதையும் தருகிறாராம்.

உன்
ஆல்பி

*

டார்வெல் வடகரை,
24 ஜூன், சனி.

ஆல்பி,

சில தவறுகளைத் திருத்துகிறேன். பறந்தால் சிவப்பாகப் பற என்று நான் சொல்லவில்லை. "வாயை மூடு" என்றேன். காற்றில் உனக்கு உன் வசனமே கேட்டிருக்கிறது.

வந்த வழி கேட்டாய். படகைக் கயிற்றில் கட்டிக் கரையோரமாக ஏரிப் பக்கம் நானூறு அடி இழுத்துப் போனேன். அங்கிருந்து ஏறித் துடுப்புப் போட்டால், ஓடும் நீர் கீழே தள்ளிக்கொண்டு வந்து சரியாக நம் துறையில் சேர்க்கும். நேரே கடந்திருந்தால் மணல்திட்டில் ராய்ஸை எதிர்கொண்டு வரவேற்றிருப்பேன். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். தண்ணீருக்குப் பயப்படுகிறவளுக்குத் தண்ணீர் எப்படி ஓடும் என்று தெரியாமல் இருக்குமா?

ராய்ஸோடு படகில் போன சில்வியோவின் கை பிழைத்துவிடும் என்று டாக்டர் சொல்கிறார். இறால் வலையின் கயிற்று உருளையில் மாட்டியிருக்கிறது. ராய்ஸ் எட்டு நாள் முன்னாலேயே திரும்பியதும், பந்தைப் பார்த்தும் உள்ளே வந்ததும் அதனால்தான். இடுப்பு வாரைக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லையாம். "இன்னும் ரெண்டு மணி நேரம் நின்னிருந்தா நான் பத்திரமா வந்திருப்பேன், அவன் வந்திருக்க மாட்டான்" என்றான்.

போர்வையைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"எந்தப் போர்வை?"

"சிவப்புப் போர்வை. கூரை மேல விரிச்சுப் புடிச்சோமே."

"போர்வையெல்லாம் தெரியல அக்கா. அந்தத் தூரத்துக்கு அது தபால்தலை மாதிரி. பைனாகுலர்ல பார்த்தா ஒரு பச்சைக் கூரை மேல ரெண்டு பேர் கையை ஆட்டிச் சண்டை போட்டுட்டிருந்தாங்க. புருஷன் பொண்டாட்டி கூரை மேல ஏறிச் சண்டை போடற வீடு இந்த ஊர்ல ஒண்ணுதானே! அடக் கடவுளே, ஆல்பி வீடு அங்கல்ல இருக்குன்னு திருப்பினேன்."

ஐடா சிரித்து அழுதாள். நான் சிரிக்கவில்லை, பிறகு பின்கட்டுக்குப் போய்ச் சிரித்தேன்.

இன்னொன்றும் சொன்னான். "வெளிய இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது அக்கா. அலையோட முதுகு மட்டும்தான். வழவழன்னு இருக்கும். அது உடையறது கரையில இருக்கறவனுக்குத்தான் தெரியும். அதனாலதான் அவன் சொல்றதை நம்பணும்." நான் அப்பாவைப் பற்றி அப்போதுதான் அவனிடம் சொன்னேன். ஐம்பதை நெருங்கும் ஆம்பளை, எழுந்து சன்னலுக்குப் போய் நின்றான்.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வரும். வின்டர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். உனக்கு அது எப்படி இனிக்கும் என்றும் தெரியும். எழுது என்றும் சொல்லவில்லை, எழுதாதே என்றும் சொல்லவில்லை. நான் சொல்லி நீ நிறுத்தினால் அதில் எனக்கு என்ன இருக்கிறது?

நெட்டா

*

டார்வெல் தென்கரை,
27 ஜூன், செவ்வாய்.

அன்புள்ள நெட்டா,

கூரை சிவப்பாகிவிட்டது. நீ பார்த்திருப்பாய். நான் மட்டும் அடிக்கவில்லை. கதையைக் கேள்.

ஞாயிறு காலை ஓல்ஸன் வந்தான். கதவைச் சாத்தினான். "ஆல்பி, உன்கிட்ட ஒரு ரகசியம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உன் கூரையைப் பழையபடி ஆக்கிடு. எனக்கு மட்டும் தெரிஞ்ச காரணம்." சரி என்றேன். அவன் போய்ப் பத்து நிமிஷத்தில் பசாரெல்லி பின்வாசல் வழியாக. "ஆல்பி, ஒரு ரகசியம்." அவனைச் சமையலறையில் உட்கார வைத்திருக்கும்போதே முன்வாசலில் கிழவர் கட்ஃபர்ட். மதியத்துக்குள் ஏழு பேர். ஏழு பேரும் தனித்தனியாக, ஏழு பேரும் ரகசியமாக, நம் கூரையைப் பார்த்துத்தான் இரண்டு வருஷமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறார்கள். ஏழு பேரையும் ஒரே அறைக்கு அழைத்து, "உங்க ரகசியம் இதோ உட்கார்ந்திருக்கு" என்றேன். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கட்ஃபர்ட்தான் முதலில் வாய் திறந்தார்: "அப்ப பெயின்ட்டைப் பங்கு போட்டுக்கலாம்." திங்கட்கிழமை ஒரே நாளில் முடிந்தது. நான் கீழே நின்று ஏணியைப் பிடித்தேன்.

கடல் அடங்கியதால் இன்று காலை ஓல்ஸன் படகில் மணல்திட்டைத் தாண்டி வெளியே போனேன். பதினெட்டு வருஷமாக அந்தத் திட்டைப் பற்றி எழுதியும் பேசியும் சாப்பிடுகிறவன், அதைத் தாண்டியது இதுவே முதல் தடவை. வாந்தி எடுத்த இடங்களைக் கடல் வரைபடத்தில் குறிக்கலாம். ஒரு மைல் வெளியே போய் ஓல்ஸன் படகைத் திருப்பி, "இப்பப் பாரு" என்றான். பார்த்தேன். ஒன்றுமில்லை, நெட்டா. கரை ஒரு கோடு. வாசல் என்று எதுவும் தெரியவில்லை. எல்லாம் பட்டுத்துணிபோல இருந்தது; என் கம்பத்தையும் பந்தையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிளவுக்குக் கீழே ஒரு சின்னச் சிவப்பு. அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர் இரண்டு வருஷம் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

உன் அப்பாவும் இப்படித்தான் எதையோ பார்த்துக்கொண்டு வந்திருப்பார் என்று நினைத்தேன். அங்கே எனக்கு வேடிக்கையாக ஒன்றும் தோன்றவில்லை. வாந்தியால்கூட இருக்கலாம்.

தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன்: கம்பங்கள் தவறு, இரண்டு வருஷமாகத் தவறு, நான் கவனிக்கவில்லை. யார் சொன்னது என்று எழுதவில்லை. வேலையை எடுத்துக்கொண்டாலும் எடுத்துக்கொள்வார்கள். தப்பான கம்பத்துக்குக் கீழே தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தவன் நான்.

அப்புறம் வின்டர். உண்மையைச் சொல்கிறேன். அவருக்காக மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் பிரமாதம். மூன்றாவதைப் படித்து நானே நாற்காலியிலிருந்து விழுந்தேன். இன்று பிற்பகல் தபாலில் ஒன்றை அனுப்பிவிட்டேன். எதை என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை படித்துக்கொள்.

உன்
ஆல்பி

*

டார்வெல் வடகரை,
1 ஜூலை, சனி.

ஆல்பி,

நேற்று பத்திரிகையை வாங்கி, கடை வாசலிலேயே நின்று பிரித்தேன். முதல் பக்கத்தில் பள்ளிக்கூட விழாவில் பூசணிக்காய்ப் போட்டி. துறைமுகக் குறிப்புகளைத் தேட வேண்டியிருந்தது. அவ்வளவு சின்னது.

"புதன்கிழமை நாள் முழுதும் மணல்திட்டு மூடியிருந்தது. 'மார்ஜரி' மதியம் இரண்டு நாற்பதுக்கு உள்ளே வந்தது. அதில் வந்தவருக்குக் கை குணமாகி வருகிறது. படகோட்டிகள் கவனத்துக்கு: தென்கரை வெள்ளைக் கம்பங்கள் பழைய வழியைக் காட்டுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம். தவறு சமிக்ஞைக்காரருடையது."

திருப்பித் திருப்பிப் படித்தேன். பின்பக்கத்தில் மீதி இருக்குமோ என்றும் பார்த்தேன். இல்லை. இரண்டு நாற்பது இல்லை, இரண்டு நாற்பத்தைந்து. மற்றதெல்லாம் சரி.

உள்ளே போனேன். ஃபிளெட்சர், "என்ன நெட்டா, கூரை மேல ஏதோ கூத்தாமே? உன் புருஷன் ஒண்ணுமே எழுதலையே, அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றான். வரிசையில் ஆறு பேர். நான் கூடையைக் கீழே வைத்தேன். நானே சொன்னேன், முதலிலிருந்து. ஐடா உட்கார்ந்தது, படகை இழுத்தது, உன் மூக்கு, போர்வை, ராய்ஸ் பைனாகுலரில் பார்த்தது, ஏழு ரகசியம். உன்னைவிட நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஃபிளெட்சருக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு பவுண்டுக்கு ஒன்றேகால் பவுண்டு நிறுத்துவிட்டான். சிரிப்பு நான் கொடுத்தது என்பதால் இந்தத் தடவை எனக்கு வலிக்கவில்லை. அப்பாவைப் பற்றியும் சொன்னேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. வரிசையில் கடைசியில் நின்ற கிழவி ஒருத்தி, "அந்தப் படகை நானும் பார்த்தேன்" என்றாள்.

சிவப்பைப் பற்றி யோசித்தேன். இனி ஆயுசுக்கும் அது சிவப்புதான், வேறு வழியில்லை. இந்தச் சன்னலில் நின்றால் அது கண்ணைக் குத்துகிறது. அதைப் பார்க்காமல் இருக்க ஒரே இடம் அதற்கு உள்ளேதான்.

ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு நீரோட்டம் நிற்கும் என்று ராய்ஸ் சொன்னான். பெட்டியோடு வடகரைத் துறையில் நிற்கிறேன். ஓல்ஸனைக் கூப்பிடாதே, நீயே துடுப்புப் போட்டு வா.

கடையில் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? நீ கண்ணை மூடிக்கொண்டதை மட்டும் சொல்லவில்லை. அது நீ என்னிடம் மட்டும் சொன்னது.

உன்
நெட்டா